பத்து சைபரும் நின்ற தறியும்: ஊழல் செய்தி ஓட்டை மாற்றுகிறதா?

2011 ஏப்ரல். சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும். பல்லடம் பக்கம் மாமாவின் விசைத்தறிக் குடோனில் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போயிருந்தது. தறி ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அன்று நாலு பேர் சாவகாசமாக அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா ஒரு சாக்பீஸை என் கையில் கொடுத்து, "ஏங்கண்ணு, லட்சத்து எழுபத்தாறாயிரம் கோடின்னா எத்தன சைபரு?" என்று கேட்டார். தரையில் எழுதிக் காட்டினேன். 176 போட்டு, அதன் பின்னால் பத்து சைபர். குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "செரி, அது கெடக்கட்டும். இந்தக் கரண்டு எப்ப வரும்?" என்றார்.

அந்தத் தேர்தலில் ஆளுங்கட்சியான திமுக 23 இடங்களோடு நின்றது. அதிமுக கூட்டணி 234-இல் 203 இடங்களைப் பிடித்தது. மத்தியில் திமுக அமைச்சர் செய்த 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டில் அரசுக்கு அவ்வளவு இழப்பு என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொன்னது 2010 நவம்பரில். (அந்த வழக்கில் 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது, ஆனால் 2011-இல் ஓட்டுப் போட்டவர்களுக்குத் தெரிந்தது அந்த சைபர்கள் மட்டும்தான்.) தோற்றதற்கு 2ஜிதான் காரணம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். மின்வெட்டும் விலைவாசியும்தான் என்று மீதிப் பேர் சொன்னார்கள். இரண்டு தரப்புக்கும் கையில் இருந்த ஆதாரம் ஒன்றேதான்: அந்தத் தேர்தல் முடிவு.

சிக்கல் இங்கேதான். ஒரே வயலுக்கு உரமும் போட்டு, அந்த வருஷம் நல்ல மழையும் பெய்துவிட்டால், விளைச்சல் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பாதி வயலுக்கு மட்டும் உரம் போட்டுப் பார்க்க வேண்டும். அப்படியென்றால் ஊழல் செய்தியைப் பாதி ஊர்களுக்கு மட்டும் தேர்தலுக்கு முன் சொல்லி, மீதி ஊர்களுக்குத் தேர்தல் முடிந்த பிறகு சொல்ல வேண்டும். எந்த நாடு அப்படிச் செய்யும்?

பிரேசில் செய்தது. ஆராய்ச்சிக்காக அல்ல, கையில் போதிய ஆட்கள் இல்லாததால்.

அங்கே ஐயாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நகராட்சிகள். மத்திய அரசு அனுப்பும் பணத்தை ஒவ்வொரு மேயரும் எப்படிச் செலவழிக்கிறார் என்று பார்க்க அத்தனை தணிக்கையாளர்களுக்கு எங்கே போவது? 2003-இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: குலுக்கல். நாலரை லட்சத்துக்குக் குறைவான மக்கள் தொகை கொண்ட நகராட்சிகளின் பெயர்களைத் தலைநகர் பிரசிலியாவில் தேசிய லாட்டரி நடக்கும் அதே முறையில் குலுக்கினார்கள். பத்திரிகைக்காரர்களும் கட்சிக்காரர்களும் அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம். எதிர்க்கட்சி ஊர்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள் என்று யாரும் குறை சொல்ல வழியே இல்லை. பெயர் விழுந்த ஊருக்குப் பத்துப் பதினைந்து தணிக்கையாளர்கள் கிளம்பிப் போவார்கள். சுமார் பத்து நாள் தங்கி ரசீதுகளைப் புரட்டுவார்கள், கட்டியதாகக் கணக்கில் இருக்கும் கட்டடம் தரையில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பார்கள், ஊர்க்காரர்களிடம் விசாரிப்பார்கள். டெண்டரில் தில்லுமுல்லு, கூட்டிப் போட்ட பில், பெயருக்கு மட்டும் இருக்கும் கம்பெனி என்று கண்டதையெல்லாம் எழுதி அறிக்கையை வெளியிட்டுவிடுவார்கள்.

2004 அக்டோபரில் நகராட்சித் தேர்தல் வந்தது. அதற்குள் சில ஊர்களின் அறிக்கை வெளியாகியிருந்தது. வேறு சில ஊர்களின் பெயர் தேர்தலுக்குப் பிறகுதான் குலுக்கலில் விழுந்தது. அங்கேயும் மேயர்கள் கை வைத்திருந்தார்கள். ஓட்டுப் போட்ட அன்று மக்களுக்கு அது தெரியாது, அவ்வளவுதான். இரண்டு வகை ஊர்களுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் குலுக்கல் மட்டுமே. உரம் போட்ட பாதி வயலும் போடாத பாதி வயலும் தானாகவே கிடைத்துவிட்டன.

கிளாவ்டியோ ஃபெராஸ், ஃபிரெடெரிகோ ஃபினன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இந்த ஊர்களை ஒப்பிட்டு 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு முறைகேடுகள் பதிவான ஊரில், அது தேர்தலுக்கு முன்பே வெளியே வந்திருந்தால், மேயர் மறுபடி ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 7 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. உள்ளூர் வானொலி நிலையம் இருந்த ஊர்களில் அந்த அடி 11 புள்ளிகள் வரை போனது. ஊழல் செய்தி ஓட்டை மாற்றும் என்பதற்கு இவ்வளவு சுத்தமான சாட்சி அதற்கு முன் கிடைத்ததில்லை.

அந்த ஆய்வில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் வேறு. எந்த முறைகேடும் இல்லை என்று அறிக்கை வந்த மேயர்களுக்கு, வானொலி இருந்த ஊர்களில், ஆதரவு கூடியது. ஏன் கூட வேண்டும்? "எல்லாரும் திருடனுங்கதான்" என்று மக்கள் முன்கூட்டியே ஒரு கணக்கு போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் காரணம். ஒவ்வொரு அரசியல்வாதியின் பெயரிலும் ஒரு குறிப்பிட்ட அளவு திருட்டை மனசுக்குள் ஏற்கெனவே கழித்துவிட்டோம். புதிதாக வரும் செய்தி அந்த அளவைத் தாண்டினால்தான் ஓட்டு நகரும். அளவுக்குள் இருந்தால் "இதுகூடத் தெரியாதா?" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவோம். அளவுக்குக் கீழே இருந்தால், "பரவாயில்லையே, மனுஷன் யோக்கியன்" என்று அதே மனசு அவர் பக்கம் சாய்கிறது.

இந்த முடிவைப் பார்த்ததும் பல நாடுகளில் ஆராய்ச்சியாளர்கள் உற்சாகமாகக் களத்தில் இறங்கினார்கள். வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்தார்கள், குறுஞ்செய்தி அனுப்பினார்கள், வீடியோ போட்டுக் காட்டினார்கள். பெனின், புர்கினா ஃபாசோ, உகாண்டா, மெக்சிகோ, பிரேசில் என்று பல இடங்களில் ஒரே மாதிரி திட்டமிட்டுச் செய்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2019-இல் வெளியிட்டபோது, சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம். 2020-இல் இன்னொரு தொகுப்பாய்வு வந்தது. "இப்படி ஒரு வேட்பாளர் ஊழல் செய்தார், அவருக்கு ஓட்டுப் போடுவீர்களா?" என்று கருத்துக்கணிப்பில் கேட்டால் ஆதரவு சுமார் 32 சதவீதப் புள்ளிகள் விழுகிறது. நிஜத் தேர்தலில் அதே மாதிரித் தகவலைக் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றுமே விழுவதில்லை.

மக்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. கருத்துக்கணிப்புக் காகிதத்தில் வேட்பாளரைப் பற்றி இருப்பது இரண்டு மூன்று வரி, அதில் ஒரு வரி ஊழல். வாக்குச்சாவடியில் நிற்கும்போதோ மனசில் நூறு வரி ஓடுகிறது: ரேஷன், பிள்ளையின் வேலை, நம்ம ஆள், எதிரில் நிற்பவன் இவனைவிட மோசம். பிரேசிலின் பெர்னாம்புகோ மாநிலத்தில் 2016 தேர்தலின்போது இதை நேராகவே பார்த்தார்கள். மேயரின் கணக்கைத் தணிக்கை மன்றம் நிராகரித்துவிட்டது என்று துண்டறிக்கை கொடுத்தார்கள். ஊழலைத் தண்டிப்போம் என்று கேள்வித்தாளில் உறுதியாகச் சொன்ன அதே மாநிலத்து மக்களின் ஓட்டு அசையவில்லை. அவர்களுடைய தலையில் வேலையும் ஆஸ்பத்திரியும் இருந்தன.

வானொலிக்கு ஓட்டு அசைந்து, துண்டறிக்கைக்கு அசையாதது ஏன்? எனக்குப் படுவது இது: துண்டறிக்கை ஒரு வீட்டுக்குப் போகிறது. படித்தவர் மடித்து வைத்துவிடுகிறார். வானொலிச் செய்தியோ டீக்கடையில், சலூனில், பஸ்ஸில் ஒரே நேரத்தில் விழுகிறது. எனக்குத் தெரியும் என்பது ஒன்று. எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும் என்பது வேறு. இரண்டாவது வகையில்தான் பேச்சு பிறக்கிறது. பேச்சு பிறந்தால் எதிர்த்து நிற்பவருக்கும் தைரியம் வருகிறது.

வெளிச்சம் போட்டாலே போதும் என்றும் இல்லை. 2009-இல் மெக்சிகோவின் 12 நகராட்சிகளில் மேயர்களின் முறைகேட்டைச் சொல்லும் துண்டறிக்கைகளை விநியோகித்தார்கள். ஆளுங்கட்சிக்கு ஓட்டுக் குறைந்தது, எதிர்க்கட்சிக்கும் குறைந்தது. பலர் ஓட்டுப் போடவே போகவில்லை. எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டை என்று மனசு கசந்துவிட்டால், தண்டிக்கிற கையும் சோர்ந்துவிடுகிறது. ஊழலை வெளியே கொண்டுவர உழைக்கும் யாரும் இந்த முடிவைக் கடந்து போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

இனி அந்த இன்னொரு எடை: கரண்ட், விலைவாசி, வேலை. அமெரிக்காவில் இரண்டு அதிபர்களின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1998 ஜனவரியில் பில் கிளிண்டனுக்கும் வெள்ளை மாளிகைப் பயிற்சி ஊழியர் ஒருவருக்கும் இருந்த உறவு அம்பலமானது. வருஷம் முழுக்க வேறு செய்தியே இல்லை. ஆனால் அப்போது வேலையின்மை குறைவு, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மத்திய பட்ஜெட்டில் உபரி. நவம்பரில் நடந்த இடைக்காலத் தேர்தலில் அவர் கட்சி பிரதிநிதிகள் சபையில் 5 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது; அதிபரின் கட்சி இப்படி முன்னேறியது 1934-க்குப் பிறகு அதுவே முதல் முறை. டிசம்பரில் சபை அவர்மேல் பதவிநீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றிய வாரத்தில் காலப் நிறுவனத்தின் கணிப்பில் அவருக்கு ஆதரவு 73 சதவீதம்.

வாட்டர்கேட் நேர்மாறு. வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் அதிபர் ரிச்சர்ட் நிக்சன் தரப்பு ஆட்கள் புகுந்து பிடிபட்டது 1972 ஜூன் 17. செய்தி வெளியே வந்த பிறகும் நவம்பரில் நிக்சன் 50-இல் 49 மாநிலங்களை வென்றார். அதே விவகாரம் 1973-இல் விசாரணையாகித் தொலைக்காட்சிக்கு வந்தது. அதே வருஷம் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின, பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது, 1974-இல் விலைவாசி ஏற்றம் 10 சதவீதத்தைத் தாண்டியது. ஆகஸ்டில் பதவி விலகியபோது ஆதரவு 24 சதவீதம். இதில் எவ்வளவு வாட்டர்கேட், எவ்வளவு பெட்ரோல் என்று பிரிப்பது எங்கள் 2011 போலவே கஷ்டம். ஆனால் 18 லத்தீன் அமெரிக்க நாடுகளின் அதிபர்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று இதே கோலத்தைக் காட்டுகிறது: பணவீக்கமும் வேலையின்மையும் அதிகமாக இருக்கும்போதுதான் ஊழல் செய்தி அதிபரின் செல்வாக்கைக் கடிக்கிறது. வயிறு நிறைந்திருக்கும்போது வெறும் செய்தியாகவே போய்விடுகிறது. எல்லா ஊரிலும் இப்படியே என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்வீடனிலும் மால்டோவாவிலும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்த்தார்கள். மால்டோவாவில் பொருளாதாரம் கெட்டிருந்தால்தான் ஊழலுக்குத் தண்டனை. ஊழல் அரிதான ஸ்வீடனில் நல்ல காலத்திலும் தண்டனை உண்டு.

ஸ்பெயினில் எடை பார்ப்பது இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. அங்கே வீட்டுமனை மோகம் உச்சத்தில் இருந்த காலத்தில், மேயர்கள் கமிஷன் வாங்கிக்கொண்டு விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றிக் கொடுத்தார்கள். கொத்தனாருக்கு வேலை, ஹோட்டலுக்குக் கூட்டம், ஊருக்குப் பணம். 2011 உள்ளாட்சித் தேர்தலில் இந்த வகை ஊழல் மேயர்கள் பெரிதாக அடி வாங்கவில்லை. ஊருக்கு எந்தப் பலனும் தராமல் சொந்தப் பையில் போட்டுக்கொண்டவர்கள்தான் ஓட்டை இழந்தார்கள். ஊழலை மக்கள் கவனிக்கவில்லை என்று இதைப் பார்த்து எப்படிச் சொல்வது? எந்த ஊழலில் தனக்குப் பங்கு வந்தது என்பது வரை துல்லியமாகக் கவனித்திருக்கிறார்கள்.

அப்படியானால் ஓட்டை நடத்துவது கொள்கையா? இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2000-இல் ஜார்ஜ் புஷ்ஷும் அல் கோரும் மோதியபோது, முதியோர் ஓய்வூதியப் பணத்தைப் பங்குச் சந்தையில் போடலாமா என்பது பெரிய விவாதமானது. அந்தக் கொள்கையை எடைபோட்டு மக்கள் ஆளை மாற்றியது போலத்தான் மேலோட்டமான கணிப்புகளில் தெரிந்தது. அரசியல் அறிஞர் கேப்ரியல் லென்ஸ் ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பேட்டி கண்ட தரவுகளைப் பிரித்துப் பார்த்தார். நடந்தது தலைகீழ்: முதலில் ஆள் பிடித்திருந்தது, பிறகு, அந்த ஆள் சொன்ன கொள்கையைத் தன் கொள்கையாக ஆக்கிக்கொண்டார்கள். நுணுக்கமான கொள்கைக்கு இதுதான் கதி. ஆனால் கொள்கையின் விளைவு, அதாவது வேலை, விலை, கரண்ட், ஆளைப் பற்றிய எண்ணத்தையே நிஜமாக மாற்றுகிறது. மின் கொள்கையின் ஒரு பக்கத்தைக்கூட மாமா படித்திருக்க மாட்டார். நின்ற தறி அவருக்கு அந்தக் கொள்கையை முழுசாக வாசித்துக் காட்டிவிட்டது.

ஃபெராஸும் ஃபினனும் அந்தப் பிரேசில் தணிக்கை அறிக்கைகளை அதோடு விடவில்லை. அங்கே ஒரு மேயர் தொடர்ந்து இரண்டு முறைதான் பதவியில் இருக்கலாம். அதனால் முதல் முறை மேயர் மறுபடி மக்களிடம் ஓட்டுக் கேட்டுப் போக வேண்டும். இரண்டாம் முறை மேயர் போக வேண்டியதில்லை. இரண்டு பேரும் சுருட்டிய தொகையை ஒப்பிட்டார்கள். முதல் முறை மேயர்கள் 27 சதவீதம் குறைவாகச் சுருட்டியிருந்தார்கள்.