பெர்லினில் இருந்த நாள் கணக்கில் வராது

இதே சிக்கலோடு என்னிடம் விசா ஆலோசனைக்கு வருபவர்களில், இந்த வருடத்தில் இவர் நான்காவது ஆள். அமெரிக்க அரசு உதவித்தொகையில் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் அங்கே போய் ஒன்பது மாதம் ஆய்வு செய்தவர். முடித்த கையோடு பெர்லினில் இரண்டரை வருடம் வேலை. இப்போது பாஸ்டனில் ஒரு கம்பெனி எச்-1பி வேலை விசா போடத் தயார். "ரெண்டு வருஷத்துக்கு மேல அமெரிக்காவுக்கு வெளியேதானே இருந்தேன் மேடம், அப்புறம் என்ன?" என்கிறார்.

பாஸ்போர்ட்டைப் புரட்டினேன். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 212(இ) பிரிவு, இரண்டாண்டு விதி பொருந்தும் என்று விசாவிலேயே அச்சடித்திருக்கிறது. போட்டோ நன்றாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்திருப்பார் போல.

அமெரிக்காவுக்கு 'வெளியே' அல்ல ஐயா, 'சொந்த நாட்டில்'! பெர்லின், டொராண்டோ, துபாய் எதுவும் சேராது. ஊரில், உடலோடு, இரண்டு வருடம். ஒரே மூச்சில் இருக்க வேண்டும் என்பதில்லை. விட்டுவிட்டு இருந்தாலும் கூட்டிக்கொள்ளலாம். அவர் தீபாவளிக்கும் தங்கை கல்யாணத்துக்கும் வந்துபோனதை முத்திரைகளை வைத்து எண்ணினோம்: 71 நாள்.

அமெரிக்கப் பிரஜையைக் கட்டிக்கொண்டாலும் விதி போகாது. கருத்தரங்குக்கு வருகையாளர் விசாவில் போய்வரத் தடை இல்லை. எச், எல் (வேலை), கே (வருங்காலத் துணை) விசாக்களும் கிரீன் கார்டும்தான் தடைபடும்.

இப்போது ஒரு வாட்ஸ்அப் வைத்தியம் வேறு: "2024 டிசம்பரில் இந்தியாவை எடுத்துட்டாங்க." எடுத்தது திறன் பட்டியலிலிருந்து, அதாவது எந்த நாட்டுக்கு எந்தத் திறன் தேவை என்று அமெரிக்கா வைத்திருக்கும் பட்டியலிலிருந்து. அந்தப் பட்டியலால் மட்டும் மாட்டியவர்களுக்கு அது நல்ல செய்திதான். அரசுப் பணத்தில் போனவர்களுக்கும், அங்கே ரெசிடென்சி எனும் மேற்பயிற்சி செய்யும் டாக்டர்களுக்கும் விதி அப்படியே இருக்கிறது. 1946-இல் ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசுப் பரிமாற்றத் திட்டம் தொடங்கிய காலத்திலிருந்தே பரிமாற்றம் என்றால் போவதும் திரும்புவதும் சேர்ந்ததுதான். எங்கள் தொழிலில் இதைக் குடியேற்றத்தின் முதல் படியாக விற்கும் ஏஜெண்டுகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கையெழுத்துப் போடுமுன், ஜே-1 விசாவுக்கான டிஎஸ்-2019 படிவத்தில் பணம் யார் தருகிறார்கள் என்று பாருங்கள். விசா அதிகாரி எழுதியதே முடிவும் அல்ல, அதிலும் தவறு வரும். சந்தேகம் இருந்தால் அமெரிக்க வெளியுறவுத் துறையிடம் எழுத்தில் கருத்துக் கேளுங்கள். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். விலக்கு கேட்க வழிகள் உண்டு, ஆனால் அமெரிக்க அரசுப் பணம் வாங்கியவர், இந்தியா தரும் ஆட்சேபணையில்லாக் கடிதத்தை மட்டும் நம்பி வேலையை விட வேண்டாம். தயவுசெய்து, அடுத்த நாட்டுக்கு டிக்கெட் போடுமுன் ஒரு போன் பண்ணுங்கள்.

பாஸ்டன் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. அவருக்கு மீதி 659 நாள்.