கார் கூரைத் துணி ஏன் தொங்குகிறது?

பத்துப் பன்னிரண்டு வயதான கார்களில் கூரையின் உட்புறத் துணி ஒரு நாள் தொந்தி போலக் கீழிறங்கி நிற்கும். எல்லோரும் சொல்லும் காரணம், பசை விட்டுப்போய்விட்டது என்பது. நானும் அதை நம்பி, ஓரத்தைத் தூக்கிப் பசை தடவி அழுத்தி வைத்தேன். இரண்டே வாரத்தில் மறுபடி இறங்கிவிட்டது. பிறகு துணிக்கு மேலே விரலை விட்டுத் துழாவியபோது பழுப்பு நிறத்தில் மாவு கொட்டியது. பசை அட்டையில் அப்படியே இருந்தது. நடுவில் இருந்த ஃபோம்தான் உளுத்துப் போயிருந்தது.

கூரையின் உள்பக்கம் மூன்று அடுக்குகள் கொண்டது. மேலே கண்ணாடி இழையையோ நாரையோ அழுத்திச் செய்த அட்டை. கீழே நாம் காணும் துணி. இடையில் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனில் பாலியூரித்தேன் ஃபோம். துணியும் ஃபோமும் ஆலையிலிருந்தே ஒன்றாக ஒட்டி வருகின்றன.

பாலியூரித்தேனை 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயரின் குழு உருவாக்கியது. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள்தான் அதன் வலிமை. ஆனால் ஃபோமின் நுண்ணறைச் சுவர்கள் மிக மெல்லியவை. உள்ளே எங்கும் காற்று படும். இந்த ஃபோமில் பாலியெஸ்டர், பாலியீதர் என இரு வகை உண்டு. பாலியெஸ்டர் வகையின் சங்கிலிகளை ஈரப்பதம் அறுக்கிறது. அப்போது உண்டாகும் அமிலம் மேலும் அறுபட உதவுவதால், சிதைவு தொடங்கியபின் வேகமெடுக்கும். பாலியீதர் வகையை ஆக்சிஜன் அரிக்கிறது. இரண்டுக்கும் வெப்பம் துணைபோகிறது: 10 டிகிரி கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் ஒரு தோராயக் கணக்கு. வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 60 டிகிரியை எட்டக்கூடும். கூரைத் தகடு அதைவிடச் சுடும்.

இந்த மாவின் மேல் எவ்வளவு உயர்ந்த பசையைத் தடவினாலும் பயனில்லை. சுண்ணாம்பு உதிரும் சுவரில் சுவரொட்டி நிற்குமா? ஆகவே இந்த வேலையின் உயிர்நாடி சுரண்டுவதுதான். அட்டையை வெளியே கழற்றி, முகக்கவசமும் கையுறையும் அணிந்து, நைலான் தூரிகையால் தேயுங்கள். கம்பித் தூரிகை அட்டையின் இழைகளைப் பிய்த்துவிடும். தடவிப் பார்த்தால் கையுறையில் துளி மாவும் ஒட்டக்கூடாது. பொறுமை தேய்ந்துபோகும், இருந்தும் இதில் குறுக்குவழி கிடையாது.

(கூரை ஓரத்தில் திரைபோல விரியும் காற்றுப்பை உள்ள கார் என்றால், அட்டையைக் கழற்றும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.)

புதிய துணி ஃபோமுடன் சேர்ந்ததாகவே இருக்கட்டும். வெறும் துணியில் பசை ஊறி வெளியே கறையாகும். அட்டையின் மேடுபள்ளமும் தெரியும். பின்னல் துணியாகவும் இருக்க வேண்டும். பாவும் ஊடுமாக நெய்த துணி மூலைவாட்டில்தான் சற்று இழுபடும். பின்னல் துணியின் கண்ணிகளோ எல்லாப் பக்கமும் நெகிழ்ந்து வளைவுகளுக்குள் படியும். வீட்டில் மிஞ்சிய திரைச்சீலை இதற்கு ஆகாது. கார் உட்புறப் பொருளில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக்கூடாது என்று அமெரிக்கா 1972 முதல் விதி வைத்திருக்கிறது.

இதற்கு ஏற்றது இருபக்கமும் தடவும் ரப்பர் பசை. அதன் ரப்பர் கரைப்பானில் கரைந்திருக்கிறது. கரைப்பான் பறந்தபின் படலம் விரலில் ஒட்டாது. ஆனால் தன்னினத்தோடு சேர்ந்தால் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவிப் பின்னிக்கொள்ளும். காயுமுன் அழுத்தினால் சிக்கிய கரைப்பான் வெயிலில் ஆவியாகிக் குமிழ் கிளப்பும். உயர் வெப்பம் தாங்கும் என்று குறித்த பசையையே வாங்குங்கள். கரைப்பானின் ஆவி தீப்பற்றக்கூடியது, திறந்தவெளியில் தடவுங்கள்.

ஒட்டும்போது துணியை விறைப்பாக இழுக்காதீர்கள். இழுத்த துணி குழியின் மேல் பாலம் போல நிற்கப் பார்க்கும். அந்த இழுப்பு ஓயாமல் பசையை உரித்துக்கொண்டே இருக்கும். பசை பக்கவாட்டில் நழுவ இழுப்பதைத் தாங்கும், மேற்பரப்பிலிருந்து உரிப்பதைத் தாங்காது. நடுவில் தொடங்கி, குழிகளை முதலில் உள்ளங்கையால் அழுத்தி நிரப்பி, பிறகு ஓரங்களுக்குச் செல்லுங்கள். விளக்குத் துளைகளைக் கடைசியில் வெட்டினால் போதும். ஒரு நாள் காயவிட்டு, அட்டையை மடக்காமல் வண்டிக்குள் நுழைத்துவிடுங்கள்; ஒருமுறை மடிந்தால் அந்தக் கோடு புதுத்துணியிலும் தெரியும்.