வழுநீக்கி: டீபக்கருக்குத் தமிழ்ச் சொல்

“ரெண்டு நாளா டீபக் பண்ணிட்டிருக்கேன்” என்று மென்பொருள் எழுதுகிறவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நிரலில், அதாவது ப்ரோகிராமில், உள்ள கோளாறைத் தேடிச் சரிசெய்வதுதான் டீபக். அதற்கு உதவும் கருவி டீபக்கர். ஆங்கிலத்தில் பக் என்றால் பூச்சி. அது நிரலுக்குள் எப்படி நுழைந்தது?

1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினியில், ரிலே என்ற மின்விசை ஒன்றுக்குள் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதைப் பதிவேட்டில் ஒட்டி, நிஜமாகவே பக் அகப்பட்ட முதல் தடவை இது என்று எழுதி வைத்தார்கள். அங்கே பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் இந்தக் கதையை ஊரெங்கும் சொன்னதால், சொல்லே அன்றுதான் பிறந்தது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. கருவிகளில் தலைகாட்டும் சிறு கோளாறுகளை எடிசன் 1878லேயே ஒரு கடிதத்தில் பக் என்று குறிப்பிட்டிருக்கிறார். பதிவேட்டில் உள்ள அந்த ‘நிஜமாகவே’கூட, சொல் முன்பே வழக்கில் இருந்ததற்குச் சாட்சிதான்.

தமிழில் இதற்குப் பிழை, வழு என்ற இரண்டும் புழங்குகின்றன. எனக்கு வழுதான் சரியாகப் படுகிறது. ‘அவன் வந்தாள்’ என்பதில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அது பால் வழு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழுவை ஏழாகப் பிரிக்கிறது நன்னூல். நிரலிலும் இதே வேறுபாடு உண்டு. அடைப்புக்குறி விட்டுப்போனால் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலரே காட்டிக்கொடுத்துவிடும், அது பிழை. எல்லா வரியும் ஒழுங்காக இருந்தும், பத்துப் பேர் பட்டியலில் ஒன்பது பேருக்கு மட்டும் சம்பளம் கணக்கானால் அது வழு. கம்பைலர் வாயே திறக்காது.

அங்கேதான் வழுநீக்கி வேண்டும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986ல் எழுதிய ஜிடிபி என்ற வழுநீக்கி இன்றும் பயன்பாட்டில் உள்ளது. நாம் நிறுத்தப்புள்ளி வைத்த வரியில் அது நிரலை நிறுத்தும், நிரல் தகவலை வைத்திருக்கும் மாறிகளின் மதிப்பைக் காட்டும், அப்புறம் வரி வரியாக நகர்த்தும். பத்தாவது ஆளுக்கு முன்பே சுற்று முடிந்துவிடுவது கண்ணெதிரே தெரியும். உண்மையில் வழுவை நீக்குவது நாம்தான், கருவி அல்ல. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது, இருக்கட்டும்.

வழு என்ற சொல்லோடு இன்னொரு சொல்லும் நமக்குக் கிடைக்கிறது: வழுவமைதி. பசுவைப் பிரியத்தோடு ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணை வழுதான், ஆனால் காரணம் இருப்பதால் இலக்கணம் அதை ஏற்கிறது. எக்செல்லில் 1900 பிப்ரவரி 29 என்று இல்லாத ஒரு நாள் இருக்கிறது. எக்செல்லுக்கு முன்பே வந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருளில் இருந்த வழு அது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போகவேண்டும் என்று தெரிந்தேதான் அதை வைத்தார்கள், இன்றும் விட்டுவைத்திருக்கிறார்கள். அதை வழுவமைதி என்றே சொல்லலாம்.