பன்றியின் குரலைக் கட்டிய நூல்

படைவீரர்களுக்குத் தனி மருத்துவமனை, வெண்கலத்தில் நுட்பமான அறுவைக் கருவிகள், கழிவுநீர்க் கால்வாய் என்று இத்தனையும் வைத்திருந்த ரோமானியரின் மருத்துவம் ஏன் தேங்கிப்போனது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கொள்ளைநோய், பேரரசின் சரிவு என்று பாடப்புத்தகம் சொல்லும் காரணங்களில் பிழையில்லை. ஆனாலும் நான் ஒரு பன்றியிலிருந்துதான் தொடங்குவேன்.

கேலன், கி.பி. 129இல் பெர்கமோனில் (இன்றைய துருக்கி) பிறந்த கிரேக்க மருத்துவர். அரங்கில் மோதும் கிளாடியேட்டர்களின் காயங்களைத் தைத்துத் தேர்ந்த கை. மகன் மருத்துவனாக வேண்டும் என்று அப்பாவுக்குக் கனவு வந்ததால் இந்தத் தொழிலுக்கு வந்தவர். கனவை நம்பி எடுத்த முடிவுகளில் இவ்வளவு நன்றாக முடிந்தது அபூர்வம். அவர் ரோமுக்கு வந்தபோது, சிந்தனை பிறக்குமிடம் இதயமே என்று அறிஞர்கள் பலர் நம்பினார்கள். பேச்சு மார்பிலிருந்து எழுகிறது, மார்பில் இருப்பது இதயம், பிறகென்ன?

கேலன் ஒரு பன்றியை உயிரோடு கட்டிப்போட்டார். மயக்க மருந்தில்லாத காலம். நினைக்கவே சங்கடமாக இருக்கிறது. கழுத்தைத் திறந்து, மயிரிழை போன்ற இரண்டு நரம்புகளை நூலால் இறுக்கினார். பன்றி திமிறியது, மூச்சு விட்டது. சத்தம் மட்டும் வரவில்லை. நூலைத் தளர்த்தினார். மறுபடி அலறல். குரலை ஆள்வது இதயமல்ல, நரம்பு வழியாக மூளைதான் என்று காட்டியாயிற்று.

அந்த நரம்பின் பாதை விசித்திரமானது. மூளையிலிருந்து மார்புவரை இறங்கும் வேகஸ் என்ற பெரிய நரம்போடு சேர்ந்து கிளம்பி, குரல்வளைக்குப் பக்கத்திலேயே கடந்து, நிற்காமல் மார்புக்குள் இறங்குகிறது. இடப்பக்கத்தில் பெருந்தமனியின் வளைவுக்கு அடியில் சுற்றிக்கொண்டு, கிணற்று ராட்டினத்தில் கயிறு திரும்புவதுபோலத் திரும்பி, மேலேறிக் குரல்வளையைச் சேர்கிறது. எலும்பு முறிவுக்குக் காலை இழுத்துக் கட்டும் கருவியின் கப்பியைக் கேலன் உவமை சொன்னார். படைப்பின் திறமை என்று வியந்தார். கருவில் கழுத்து நீளும்போது, கீழிறங்கும் ரத்தக்குழாய் நரம்பையும் கொக்கிபோட்டு இழுத்துச் செல்கிறது என்பது இன்றைய விளக்கம். ஒட்டகச்சிவிங்கியில் இந்தச் சுற்று பல மீட்டர்! தைராய்டு அறுவையின்போது இது காயப்பட்டால் நோயாளியின் குரல் கம்மிவிடும்.

அந்தச் சோதனைக்குப் பன்றிக்குட்டிகளை ஏற்பாடு செய்தவர் பிளேவியஸ் போயத்தஸ் என்ற செல்வாக்குள்ள பிரமுகர். ஆராய்ச்சி ஒரு பணக்காரரின் ஆர்வத்தில் தொங்கினால் அவரோடேயே போய்விடும். இன்றைக்கும் அதையே நம்பியிருக்கிறோம் என்பது என் எரிச்சல். கேலனுக்குப் பின் அவருடைய நூல்கள் பிழைத்தன, கத்தி பிழைக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் ஒரிபாசியஸ் என்ற மருத்துவர் அவற்றைத் தொகுத்தார். பின்னால் வந்தவர்கள் தொகுப்புகளையும் சுருக்கினார்கள்.

ரோமில் மனித உடலை அறுக்கும் வழக்கமில்லை. மாட்டின் மூளையடியில் கண்ட ரத்தக்குழாய் வலை மனிதனுக்கும் உண்டு என்று கேலன் எழுதிவிட்டார். மனிதனுக்கு அது கிடையாது. ஆயிரம் ஆண்டுகளுக்குமேல் ஒப்பித்தார்கள். உடற்கூறு ஆசிரியர் வெசாலியஸ் 1543இல் அதை மறுத்து எழுதினார். கூடவே ஒன்றை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். மாணவர்களுக்கு மனிதத் தலையை அறுத்துக் காட்டும்போதெல்லாம், அந்த வலையைக் காட்டுவதற்காக ஓர் ஆட்டுத்தலையையும் பக்கத்தில் வைத்துக்கொள்வாராம்.