லோக்கல் டேட்டாபேஸ் உங்களுக்கு மட்டும்தான் திறந்திருக்கிறதா?

புதிதாகச் சேர்ந்த டெவலப்பர் டாக்கர் கம்போஸ் கட்டளை ஒன்றைத் தட்டுகிறார். டாக்கர் என்பது அப்ளிகேஷனின் ஒவ்வொரு பகுதியையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி; பல கன்டெய்னர்களை ஒரே கோப்பின்படி ஒன்றாக எழுப்புவது கம்போஸ். வெப் அப்ளிகேஷன், டேட்டாபேஸ், தரவை நினைவகத்தில் வைத்து வேகமாகத் தரும் ரெடிஸ் எல்லாம் சில நிமிடங்களில் ஓடத் தொடங்கிவிடுகின்றன. அருமையான வசதி, சந்தேகமே இல்லை. ஆனால் பல அணிகளின் கம்போஸ் கோப்புகளைச் சரிபார்த்துத் தருவது என் வேலை என்பதால், ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். போர்ட்ஸ் பகுதியில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு 5432:5432 என்று இருக்கும். மைஎஸ்கியூஎல் என்றால் 3306:3306, ரெடிஸ் என்றால் 6379:6379.

போர்ட் என்றால் இணைப்புகள் உள்ளே வரும் எண்ணிட்ட வாசல். இடது பக்க எண் நம் கணினியின் போர்ட், வலது பக்க எண் கன்டெய்னரின் போர்ட். எந்த முகவரியில் திறக்க வேண்டும் என்று இந்த வரி சொல்லவில்லை. சொல்லாவிட்டால் டாக்கர் 0.0.0.0 என்று எடுத்துக்கொள்ளும். அதாவது கணினியின் எல்லா நெட்வொர்க் இணைப்புகளிலும் அந்த போர்ட் திறந்துவிடும். அதே வைஃபையில் இருக்கும் இன்னொருவர் உங்கள் லேப்டாப்பின் ஐபி முகவரியைக் கொடுத்து, உங்கள் டேட்டாபேஸோடு பேச முயலலாம்.

"ஃபயர்வால் போட்டிருக்கிறேனே" என்று பலரும் சொல்வார்கள். லினக்ஸில் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவியை வைத்திருப்பவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். டாக்கர் தனக்கான விதிகளை லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் தானே எழுதிக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் பாக்கெட், யூஎஃப்டபிள்யூ-வின் உள்வரும் விதிகளைத் தொடாமலேயே கன்டெய்னர் பக்கம் திருப்பிவிடப்படுகிறது. நிலை என்னவென்று கேட்டால் யூஎஃப்டபிள்யூ 5432 மூடியிருப்பதாகத்தான் காட்டும். ஆனால் போர்ட் திறந்தே இருக்கும்.

பாஸ்வேர்ட் காப்பாற்றும் என்று நம்பவும் முடியவில்லை. டெவலப்மென்ட் பாஸ்வேர்ட் பெரும்பாலும் யூசர் பெயரேதான். ரெடிஸ் 3.2-இல் வந்த பாதுகாப்பு முறை, பாஸ்வேர்ட் இல்லாதபோது வெளி இணைப்புகளை மறுத்துவிடும். ஆனால் மற்ற கன்டெய்னர்கள் எளிதாக இணையட்டும் என்பதற்காக அதிகாரபூர்வ டாக்கர் இமேஜில் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சில்) அதை அணைத்தே வைத்திருக்கிறார்கள். மோங்கோடிபி டேட்டாபேஸின் இமேஜுக்கும் நீங்களாக யூசர், பாஸ்வேர்ட் கொடுக்காவிட்டால் எதுவும் கேட்காமல் உள்ளே விட்டுவிடும்.

இந்த வரி கோப்புக்குள் எப்படி வந்தது என்று கேட்டுப்பார்த்தால் பல இடங்களில் ஒரே காரணம்தான். அப்ளிகேஷன் கன்டெய்னர் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரில் டேட்டாபேஸைத் தேடியிருக்கும், இணைப்பு மறுக்கப்பட்டிருக்கும், போர்ட்டைத் திறந்தால் சரியாகும் என்று யாரோ சேர்த்திருப்பார்கள். ஆனால் கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான். டேட்டாபேஸ் இருப்பது இன்னொரு கன்டெய்னரில். கம்போஸ் கோப்பில் அந்த சர்வீஸுக்கு என்ன பெயர் வைத்தீர்களோ, அதையே ஹோஸ்ட் பெயராகக் கொடுத்தால் போதும். ஒரே கம்போஸ் நெட்வொர்க்கில் இருக்கும் கன்டெய்னர்கள் தங்களுக்குள் பேச எந்த போர்ட்டையும் வெளியே திறக்கத் தேவையே இல்லை.

ஆகவே முதலில் அந்த வரியை நீக்கிப் பாருங்கள். எல்லாம் ஓடினால் அப்படியே விட்டுவிடுங்கள். டேட்டாபேஸைத் திறந்து பார்க்க லேப்டாப்பில் ஏதாவது கருவி வைத்திருந்தால், 127.0.0.1:5432:5432 என்று, உங்கள் கணினியையே குறிக்கும் முகவரியை முன்னால் சேருங்கள். டாக்கர் எஞ்சினையும் 28 அல்லது அதற்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய பதிப்புகளில், இப்படி 127.0.0.1 என்று கட்டிவைத்த போர்ட்டைக்கூட அதே நெட்வொர்க் பகுதியில் இருக்கும் இன்னொரு கணினியால் எட்ட முடிந்தது.

எனக்கு உண்மையில் பயம் தருவது போர்ட் மட்டும் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் தரவு. ஒரு பிழையைக் கண்டுபிடிக்க புரொடக்ஷன் டேட்டாபேஸின் நகலை இறக்குகிறார்கள். பிழை சரியாகிவிடும், நகல் வால்யூமிலேயே (டாக்கர் தரவைச் சேமித்து வைக்கும் இடத்தில்) தங்கிவிடும். கன்டெய்னரை நிறுத்தினாலும், நீக்கினாலும் பெயரிட்ட வால்யூம் அழியாது. யாரோ ஒருவரின் தொலைபேசி எண்ணும் முகவரியும் பல மாதங்கள் ஒரு லேப்டாப்பில் கிடக்கும். அவர் அதற்கு ஒப்புக்கொள்ளவே இல்லை. போலித் தரவை உருவாக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை ரெப்போவிலேயே வையுங்கள். அசல் நகல் தேவைதான் என்றால், பெயர்களையும் எண்களையும் மாற்றிய பிறகே லேப்டாப்புக்கு வரட்டும்.

இன்னொன்று: ரகசியச் சாவிகள் இருக்கும் என்வ் (.env) கோப்பை, இமேஜுக்குள் போகக் கூடாதவற்றைச் சொல்லும் டாக்கர்இக்னோர் (.dockerignore) பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் இமேஜை உருவாக்கும் டாக்கர்ஃபைலில் மொத்த ஃபோல்டரையும் காப்பி செய்யும் அந்த ஒற்றை வரி அதையும் இமேஜுக்குள் இழுத்துக்கொள்ளும். அடுத்த படியில் அழித்தாலும் இமேஜின் முந்தைய லேயரில் (அடுக்கில்) அது இருந்துகொண்டே இருக்கும்.

கம்போஸ் கோப்பை மாற்றியதும் கன்டெய்னர்களை மறுபடி எழுப்புங்கள். அப்புறம் டாக்கர் பிஎஸ் கட்டளையைக் கொடுத்து போர்ட்ஸ் பத்தியைப் பாருங்கள். 5432-க்கு முன்னால் 0.0.0.0 என்று இருந்தால் மாற்றம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. தளத்தை மொபைலில் சோதிக்க வேண்டும் என்றால் வெப் அப்ளிகேஷனின் போர்ட்டை மட்டும் அந்த நேரத்துக்குத் திறங்கள். டேட்டாபேஸுக்கும் ரெடிஸுக்கும் அதில் வேலையில்லை.