"வெடிமருந்து எல்லாம் ஒண்ணுதானே டாக்டரே?"

கண் அழுத்தத்துக்குச் சொட்டுமருந்து எழுதி வாங்க மாதாமாதம் வரும் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர், போன வாரம் சீட்டைக் கையில் வாங்கிய பிறகும் எழும்பாமல் இருந்தார். "டாக்டரே, ஒரு காரியம் கேக்கணும். ரிவால்வர் தோட்டாவ நாமளே திரும்ப நிறைக்கதுக்கு எந்த மருந்து பொருந்தும்? போன்ல ஒருத்தன் அழகாட்டு காட்டுகான்."

நாகர்கோவிலில் கண் மருத்துவராக இருக்கும் எனக்குத் துப்பாக்கி சம்பந்தமில்லாத உலகமாகத்தான் இருந்தது. சில வருடங்களுக்கு முன் மலையோர ரப்பர் தோட்டத்திலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

அப்பா காலத்து .32 ரிவால்வர். தோட்டாக்கள் பெட்டியில் கிடந்து பழசாகிவிட்டன. அதிலிருந்த மருந்தை மாற்றி, வேறொரு வகைத் தோட்டாவின் மருந்தைப் போட்டிருக்கிறார். "ரெண்டும் ஒரே மாதிரி கறுத்த பொடிதானே டாக்டரே" என்றார், கட்டுக்குள் இருந்த கண்ணோடு. முதல் குண்டிலேயே ரிவால்வரில் தோட்டா செருகும் உருளை பிளந்துவிட்டது.

கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவி வழியாகப் பார்த்தபோது கருவிழி மேல் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் இருந்தது. எரியாத மருந்துத் துகள்கள். மரப்பு மருந்து விட்டு, ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுத்தேன். மேலாக இருந்தவை வந்தன. ஆழத்தில் பதிந்தவற்றைத் தோண்டினால் தழும்புதான் மிஞ்சும் என்பதால் விட்டுவிட்டேன். அதைவிட என்னைப் பயமுறுத்தியது சி.டி. ஸ்கேனில் விழிக்குள் தெரிந்த ஒரு வெள்ளைப் புள்ளி. தோட்டாக் கூட்டின் பித்தளைச் சில்லு. தோட்டாப் பித்தளையில் சுமார் 70 சதவீதம் செம்பு. ஈயத் துணுக்கு கண்ணுக்குள் பல காலம் சும்மா கிடக்கலாம். செம்பு அப்படிக் கிடக்காது, கண்ணையே புண்ணாக்கும். சில்லை எடுத்தோம். பார்வை முழுசாகத் திரும்பவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த மருந்தைப் பற்றித் தேடிப் படித்தேன். தோட்டாக்குள் இருப்பது பழைய கரிமருந்து இல்லை. பிரான்சில் 1884இல் பால் வியெய் உருவாக்கிய புகையில்லா மருந்தின் வழிவந்தது, அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ், அதாவது பஞ்சு போன்ற நாரை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரிய வைத்துச் செய்வது. நம் நீலகிரியில் அருவங்காட்டு கார்டைட் தொழிற்சாலை 1903இல் வந்ததும் இந்த வகை மருந்துக்காகத்தான். இதில் எது வேகமாக எரியும், எது மெதுவாக எரியும் என்பதைத் துகளின் அளவும் வடிவமும் மேல்பூச்சும் தீர்மானிக்கின்றன. நம் வீட்டு அடுப்பிலேயே பார்க்கலாம். ஒரே தென்னைதான், காய்ந்த ஓலை குப்பென்று போய்விடும், சிரட்டை நின்று எரியும். கைத்துப்பாக்கியின் குழல் குட்டை என்பதால் வேகமாக எரியும் மருந்து. ரைஃபிளுக்கு நிதானமாக எரிவது. ஆனால் ஓலைக்கும் சிரட்டைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், இங்கே தெரியாது. வேகமானதும் மெதுவானதும் ஒரே நிறத்தில், ஒரே மாதிரித் துகளாக இருக்கலாம். அடைபட்ட இடத்தில் அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறும். அதனால் கொஞ்சம் கூடினால் கொஞ்சம்தானே கூடும் என்ற கணக்கு செல்லாது.

.32 ரிவால்வர் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து அரைக் கிராம்கூட வராது. இரண்டு விரலால் நுள்ளி எடுக்கும் உப்பு. அந்த நுள்ளு உப்பு எரியும்போது கூட்டுக்குள் அனுமதிக்கப்படும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு அளவில். கார் டயர் காற்றைப்போல 400 மடங்குக்கு மேல். கூட்டில் பாதிகூட நிறையாத அளவு என்பதால், கவனம் சிதறி இரண்டு தடவை போட்டாலும் வெளியே தெரியாது. குறைத்துப் போட்டாலும் ஆபத்துதான்: குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி நிற்கும், அடுத்த குண்டு அதில் போய் முட்டும். சட்டம் அனுமதிக்கும் அமெரிக்காவிலேயே, விவரம் தெரிந்தவர்கள் மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாவைத்தான் வைப்பார்கள். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்த பிறகே குண்டைப் பொருத்துவார்கள். தயாரிப்பாளர் அச்சிட்ட அளவைத் தாண்ட மாட்டார்கள். பெயர் தெரியாத மருந்தை அவர்கள் தொடுவதே இல்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்த முன்னாள் ராணுவ வீரரிடம் கேட்டேன்: "அண்ணாச்சி, உங்க கையில இருக்கப்போற பொடிக்குப் பேரு என்னண்ணு தெரியுமா?" பதில் இல்லை. வெடியைப் பிரித்து எடுக்கலாம் என்ற யோசனையும் அவருக்கு இருந்திருக்கிறது. பட்டாசில் அலுமினியம் கலந்த மருந்து இருக்கும். அது அடைபட்டால் குண்டைத் தள்ளாது, கூட்டையே உடைக்கும். கிறிஸ்துமஸ் முடிந்த காலையில் நமுத்துப்போன வெடிகளைப் பொறுக்கி, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்தும் பிள்ளைகளின் கண்களையும் இதே நாற்காலியில்தான் பார்க்கிறேன்.

சட்டத்தையும் சொல்லவேண்டும். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது. அப்பாவின் உரிமம் அப்பாவோடு முடிந்தது என்பதும் நம் ஊரில் பலருக்கு உறைக்கவில்லை. அப்படி மிஞ்சிய துப்பாக்கியையும் தோட்டாவையும் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். நம் மாவட்டத்தில் இரண்டு மழைக்காலம், போதாததற்கு உப்புக்காற்று. ஈரமும் வெக்கையும் புகையில்லா மருந்தைக் கெடுக்கும். பச்சை பிடித்த தோட்டாவையும், புளித்த அமில வாடை அடிக்கும் தோட்டாவையும் பிரித்துப் பார்க்காதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள்.

கண்ணில் வெடி பட்டுவிட்டால்: கசக்காதீர்கள். வெறும் பொடி மட்டும் விழுந்திருந்தால் சுத்தமான தண்ணீரால் நிறையக் கழுவுங்கள். விழி கிழிந்திருக்கும் என்று தோன்றினால் கழுவவே வேண்டாம். அழுத்தாமல் ஒரு காகிதக் கப்பைக் கண்மேல் கவிழ்த்து ஒட்டிக் கொண்டுவாருங்கள். குத்தி நிற்பதைப் பிடுங்க வேண்டாம். தாய்ப்பால், எண்ணெய், வீட்டில் கிடக்கும் சொட்டுமருந்து எதுவும் வேண்டாம். உடனே அறுவை செய்ய வேண்டி வரலாம் என்பதால் காப்பிகூடக் கொடுக்காதீர்கள். முகத்தோல் வெந்திருந்தால், கண்ணுக்குள் தண்ணீர் போகாமல், 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், பற்பசை கூடாது.

நேற்று அந்த அண்ணாச்சி போன் பண்ணினார். வீட்டில் கிடந்த பழைய தோட்டாக்களை ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கிவிட்டாராம். ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். அடுத்த மாதம் வரும்போது சொட்டுமருந்து பாட்டிலையும் எடுத்து வரச் சொன்னேன்.