ரீசெட் துளையில் ஊசியை விடுவதற்கு முன்னால்

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையை நடுவில் வைத்து அந்தப் பக்கம் பாறசாலை, இந்தப் பக்கம் மார்த்தாண்டம் வரைக்கும் வீடுவீடாக நெட் இணைப்பு கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. போனை எடுத்தால் "அண்ணா, நெட் போச்சு". செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் "சேட்டா, நெட்டு இல்ல". போய்ப் பார்த்தால் பல வீடுகளில் நெட் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்திருக்கும், ஒரு டிவியோ பிரிண்டரோ கேமராவோ மட்டும் வைஃபையில் சேராமல் அடம்பிடித்திருக்கும். அதற்குள் வீட்டில் ஒருவர் ரவுட்டர் பின்னால் இருக்கும் சின்னத் துளையில் ஊசியை விட்டு அழுத்தி முடித்திருப்பார். அதோடு ஓடின நெட்டும் நிஜமாகவே போச்சு.

ரீசெட் வேறு, அணைத்துப் போடுவது வேறு. சுவிட்சை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போட்டால் ரவுட்டருக்குள் எதுவும் அழியாது, அதைத் தாராளமாகச் செய்யுங்கள். ஊசித் துளை அப்படியில்லை. பல இணைப்புகளில் கம்பெனி கொடுத்த யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் (கம்பெனி தன் லைனில் உங்கள் இணைப்பைப் பிரித்து வைக்கும் எண்) எல்லாம் ரவுட்டருக்குள்தான் இருக்கும், அது மொத்தமும் துடைத்துப் போய்விடும். வைஃபை பெயரும் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள பழைய பெயராக மாறும். ஒரு டிவிக்காகத் தொடங்கிய வேலையில் வீட்டில் உள்ள அத்தனை போனும் வெளியே நிற்கும், ஞாயிற்றுக்கிழமை என்றால் திங்கள் வரைக்கும்.

அதனால் நான் போனில் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஒரு சாதனத்துக்கு மட்டும் வரவில்லையா, எல்லாவற்றுக்குமா?

எல்லாவற்றுக்குமே வரவில்லை என்றால் ரவுட்டர் லைட்டைப் பாருங்கள். 'பான்' (PON) என்று எழுதியிருக்கும் லைட் அசையாமல் எரிந்தால் ஃபைபர் வழியாக ஒளி வந்து சேர்கிறது. 'லாஸ்' (LOS) சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளி வரவில்லை. ரப்பர் மரக் கொம்பு விழுந்து வயர் அறுந்திருக்கலாம், அலமாரியை நகர்த்தியபோது ஃபைபர் மடங்கியிருக்கலாம். வீட்டில் இருந்து நீங்கள் செய்வதற்கு இதில் ஒன்றும் இல்லை, கூப்பிடுங்கள். ஃபைபர் முனையைக் கழற்றி வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

ஒன்றுக்கு மட்டும்தான் வரவில்லை என்றால் கதை வேறு. படந்தாலுமூடு பக்கம் ஒரு வீடு, மகன் மஸ்கட்டில், இங்கே அப்பாவும் அம்மாவும் மட்டும். பின்வாசலுக்கு வைக்க ஒரு கேமரா வாங்கி அனுப்பியிருந்தான். ஆப் ஒவ்வொரு தடவையும் சுற்றிச் சுற்றி கடைசியில் இணைக்க முடியவில்லை என்றே சொன்னது. "மக்களே, பாஸ்வேர்டு சரியாட்டுதான் போட்டேன், பாரு" என்று அம்மா பால் கணக்கு நோட்டைக் கொண்டு வந்து காட்டினார். பாஸ்வேர்டு சரிதான். இன்றைய ரவுட்டர்கள் பலதும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளை ஒரே பெயரில் விடுகின்றன. அம்மாவின் போன் 5-ல் உட்கார்ந்திருந்தது. கேமராவுக்கோ 2.4 மட்டும்தான் தெரியும், விலை குறைந்த கேமரா, ஸ்மார்ட் பல்பு, பிளக், பிரிண்டர் எல்லாம் பெரும்பாலும் அந்த ஜாதிதான். ரவுட்டர் அமைப்புக்குள் போய் (பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பல ரவுட்டர்களில் திறக்கும்) 5-ஐ அணைத்து, கேமராவைச் சேர்த்து, மறுபடி 5-ஐப் போட்டேன். அவ்வளவுதான். இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

ஆனால் அடுத்த சிக்கல் அங்கேயே காத்திருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் ரவுட்டரை முன் ஹாலில் டிவிக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள், கேமரா வேண்டியது பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகைப் பக்கம். 5 வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினாலே களைத்துவிடும், 2.4 கொஞ்சம் கூடுதலாகப் போகும். அதற்கும் கான்கிரீட் சுவர்களைத் தாண்டி ஒரு எல்லை உண்டு. ஆணி அடிப்பதற்கு முன்னால் போனை 2.4-ல் சேர்த்து, கேமரா வைக்கப்போகும் இடத்தில் நின்று வீடியோ ஓட்டிப் பாருங்கள். போனே அங்கே திணறினால் கேமராவும் திணறும்.

புது ரவுட்டர் வைத்ததும் பழைய டிவி சேர மறுத்தால் ரவுட்டர் அமைப்பில் வைஃபை பாதுகாப்பு முறையைப் பாருங்கள், அது டபிள்யூபிஏ2 (WPA2), டபிள்யூபிஏ3 (WPA3) என்று இருக்கும். டபிள்யூபிஏ3 வந்தது 2018-ல், டபிள்யூபிஏ2 அதற்கு ரொம்ப முன்பு, 2004-ல். பழைய சாதனத்துக்கு 3 புரியாது, சிலது பாஸ்வேர்டு தப்பு என்று பொய்யும் சொல்லும். இரண்டும் கலந்த முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பாஸ்வேர்டையே எடுத்துவிட்டால் சேருமே என்று ஒருவர் யோசனை சொன்னார். சேரும், ரோட்டில் பைக்கை நிறுத்தியவனும் சேருவான், அவன் ஏதாவது வில்லங்கம் செய்தால் விசாரணை வருவது இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு.

பரீட்சை சமயத்தில் பிள்ளையின் போனை ரவுட்டரில் பிளாக் செய்யும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்ட்ராய்டு 10 முதல், ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல், போன் தன் உண்மையான மேக் முகவரிக்கு (ரவுட்டர் ஒவ்வொரு சாதனத்தையும் அடையாளம் காணும் எண்) பதில் ஒரு போலி முகவரியைக் காட்டுவதுதான் வழக்கம். அமைப்பில் அதை மாற்றிவிட்டால் பிளாக் செய்த போன் வேறு முகவரியோடு உள்ளே வந்துவிடும், பையன்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். பட்டியலில் எது யாருடைய போன் என்று தெரியாமல் தன் போனையே பிளாக் செய்துகொண்டு என்னைக் கூப்பிட்ட அப்பாவும் உண்டு.

மாடிக்கு என்று இரண்டாவது ரவுட்டர் வாங்கிக் கீழ் ரவுட்டரோடு வயரில் சேர்க்கும் வீடுகளில் இரண்டும் போட்டி போட்டு ஐபி முகவரி (சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் கிடைக்கும் நெட்வொர்க் எண்) கொடுக்கும். சில சமயம் வரும், சில சமயம் வராது, யாருக்கும் காரணம் பிடிபடாது. மாடியில் உள்ளதை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினால் போதும், அது முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் விடும். லேப்டாப்பில் ஐபி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். வைஃபை சேர்ந்தும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால் தேதியைப் பாருங்கள், ரொம்ப நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த டேப்லெட் பழைய வருஷத்தில் நின்றுகொண்டிருக்கும்.

ஐப்பசியில் மாலை இடி தொடங்கினால் ரவுட்டர் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள், டிவிக்குப் போகும் லேன் வயரையும். ஃபைபர் கண்ணாடிதான், ஆனால் மின்னல் கரண்ட் வழியாக வந்து வேலையைக் காட்டும். அடாப்டர் போனால் செட்டாப் பாக்ஸ் அடாப்டரை எடுத்துச் செருகாதீர்கள், முனை பொருந்துவதால் மட்டும் அது சரியாகிவிடாது. 12 வோல்ட் 1 ஆம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு அரை ஆம்பியர் கொடுத்தால் லைட் எரியும், நாலு போன் சேர்ந்ததும் அணைந்து மறுபடி தொடங்கும். ரவுட்டர் ஸ்டிக்கரில் உள்ள வோல்ட் அப்படியே இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம்.

இதெல்லாம் பார்த்தும் ஆகவில்லையா, லைட் எரிவதை ஒரு போட்டோ எடுத்து, எந்தச் சாதனம், எப்போதிருந்து என்று ஒரு வரி சேர்த்து உங்கள் ஊர் நெட்காரருக்கு அனுப்புங்கள். பாஸ்வேர்டு ஸ்டிக்கர் போட்டோவில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.